உஷார்! நின்ற பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் பாருங்கள்

சென்னை ஓ.எம்.ஆரில் ரோட்டைக் கடக்கப் போகிறீர்களா? உங்களுக்காக ஒரு பஸ் டிரைவர் பிரேக் பிடித்து, ‘போங்க’ என்று கையும் காட்டுகிறாரே, ஆபத்து அந்த நொடியில்தான் ஆரம்பிக்கிறது!

பஸ்ஸுக்கு வலப்பக்கத் தடத்தில் வருகிறவருக்கு, அது ஏன் நின்றது என்று தெரியாது. ஆள் இறங்குகிறது போலும் என்று நினைத்து, வேகத்தைக் குறைக்காமல் தாண்டப் பார்ப்பார். அவர் உங்கள் கண்ணில் படாமலும் நீங்கள் அவர் கண்ணில் படாமலும் பஸ் மறைத்து நிற்கிறது. அதன் முகப்பைத் தாண்டி நீங்கள் ஓரடி வைக்கும்போதுதான் இருவரும் பார்த்துக்கொள்கிறீர்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரே நொடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். கால் பிரேக்குக்குப் போவதற்கே கிட்டத்தட்ட அந்த ஒரு நொடி ஆகிவிடும்.

கும்பிட்டுக் கேட்கிறேன்: பஸ்ஸின் ஓரம் வரை மட்டும் நடங்கள். அங்கே நின்று, தலையை நீட்டி அடுத்த தடத்தைப் பாருங்கள். காலியாக இருந்தால் மட்டும் கால் வையுங்கள். ஒவ்வொரு தடத்துக்கும் இப்படித்தான். ஹாரன் அடிக்கிறவர்கள் அடிக்கட்டும். பிள்ளைகளுக்கு இதை வாயால் சொன்னால் போதாது, கையைப் பிடித்துக் கூட்டிப்போய்ச் செய்து காட்டுங்கள்.

2022-ல் மட்டும் நாடு முழுக்க 32,825 பாதசாரிகள் சாலையில் செத்திருக்கிறார்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. அத்தனை பேரும் அவசரக்காரர்களா என்ன?

ஒருவழிப் பாதைதானே என்று ஒரு பக்கம் மட்டும் பார்க்காதீர்கள். ராங் சைடில் டூவீலர் வரும். எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் என்றால் சத்தம்கூட வராது. மெட்ரோ பணிக்கான தகரத் தடுப்புகளின் இடுக்கிலிருந்து சட்டென வெளியே வராதீர்கள்.

வண்டி ஓட்டுகிறவர்களே, ஜீப்ரா கோட்டருகே பக்கத்து வண்டி நின்றால், யாரோ கடக்கிறார் என்றே எண்ணி நீங்களும் நில்லுங்கள். வழிவிடுவது தயவு இல்லை, சட்டம்.

அதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. வண்டிகள் நிற்க வேண்டிய கோட்டை ஜீப்ராவிலிருந்து சில மீட்டர் பின்னுக்குத் தள்ளிப் போட்டாலே, கடப்பவருக்கு அடுத்த தடம் தெரியும். பெயின்ட்டில் முடிகிற வேலை இது. பாலம் கட்டக் காத்திருக்க வேண்டாம். பல இடங்களில் கோடே அழிந்து கிடக்கிறது. பெற்றோரே, உங்கள் பிள்ளை பள்ளிக்குக் கடக்கும் இடத்தைப் போய்ப் பாருங்கள். அங்கே கோடு அழிந்திருந்து, அது சென்னை மாநகராட்சிச் சாலையாகவும் இருந்தால், மாநகராட்சியின் புகார் எண் 1913-க்கு இன்றே போன் போடுங்கள்.