அணு உலை விபத்தில் முதல் ஆபத்து பாலில்

அணு உலை விபத்தில் காற்றில் கலக்கும் பொருள்களில் பொதுமக்களுக்கு முதலில் பெரும் ஆபத்தாவது கதிரியக்க அயோடின்-131. அது புல்லில் படிந்து, மேயும் பசுவின் பாலில் ஓரிரு நாளில் இறங்கிவிடும். உணவிலுள்ள சாதாரண அயோடினைப் போலவே இதையும் தைராய்டு சுரப்பி உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். குழந்தைகளுக்குச் சுரப்பி சிறியது, குடிக்கும் பாலோ அதிகம். பாதிப்பும் அவர்களுக்கே கூடுதல்.

1986 ஏப்ரல் 26 அதிகாலை சோவியத் ஒன்றியத்தின் செர்னோபிள் அணுமின் நிலையத்தில் நான்காம் உலை வெடித்தது. பக்கத்திலிருந்த பிரிப்பியட் நகர மக்கள் மறுநாள் பிற்பகலில்தான் வெளியேற்றப்பட்டார்கள். 28ஆம் தேதி சுவீடனின் ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஊழியர் ஒருவரின் காலணியில் கதிர்வீச்சு தென்பட்டு, வெளிநாடுகள் கேள்வி எழுப்பிய பிறகே, அன்றிரவு மாஸ்கோ சில வரிகளில் செய்தி சொன்னது. மே தின ஊர்வலம் கீவ் நகரில் வழக்கம்போல் நடந்தது. கிராமங்களில் பால் குடிப்பதும் தொடர்ந்தது. பெலாரஸ், உக்ரைன், ரஷ்யா ஆகிய நாடுகளின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் அன்று சிறாராக இருந்தவர்களிடம் 2005க்குள் 6,000க்கும் மேற்பட்ட தைராய்டு புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன. அவற்றில் கணிசமான பங்குக்கு அயோடின்-131 கலந்த பாலே காரணம் என்கிறது ஐ.நா. அறிவியல் குழு. உலை வெடித்ததைத் தடுக்க முடியாமல் போயிருக்கலாம். பாலைத் தடுத்திருக்க முடியும். போலந்து 29ஆம் தேதியே தொடங்கி, ஒரு கோடிக்கும் மேற்பட்ட சிறாருக்குச் சாதாரண அயோடின் கரைசல் கொடுத்தது. பச்சைப்புல் மேய்ந்த மாடுகளின் பாலையும் தடுத்தது.

அயோடின்-131 எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். எண்பது நாளில் மிஞ்சுவது ஆயிரத்தில் ஒரு பங்கு. அதனால் பாலைப் பாலாடைக்கட்டியாக்கி மாதக்கணக்கில் வைத்திருந்தால் அந்த அயோடினைப் பற்றிய கவலை தீரும். சீசியம்-137 அப்படியல்ல, பாதியாகவே முப்பது ஆண்டுகள் ஆகும். காட்டு மண்ணில் தங்கி, காளான் வழியாகக் காட்டுப்பன்றிக்கு ஏறுகிறது. செர்னோபிள் சீசியம் மழையோடு இறங்கிய வேல்ஸ் மலைகளில் ஆட்டு விற்பனைக் கட்டுப்பாடு 2012 வரை நீடித்தது.

விபத்து அறிவிப்பு வந்தால் வீட்டுக்குள் போய்க் கதவு, ஜன்னலைச் சாத்தி, ஏசியை நிறுத்த வேண்டும். வெளியிலிருந்து வந்தவர் மேலாடையைக் களைந்து குளித்தாலே ஒட்டிய தூசியில் பெரும்பகுதி போய்விடும். அயோடின் மாத்திரையை அதிகாரிகள் சொன்ன பிறகே, கதிரியக்கக் காற்று எட்டுவதற்குச் சற்று முன்போ எட்டிய சில மணி நேரத்துக்குள்ளோ சாப்பிட வேண்டும். அது தைராய்டை மட்டுமே காக்கும். சீசியத்துக்கு அதனால் பயனில்லை. அவசர வெளியேற்றத்திலும் ஆபத்துண்டு: 2011இல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தின்போது படுக்கையிலிருந்த முதிய நோயாளிகள் பலர் இடமாற்றத்திலேயே இறந்தார்கள்.

செர்னோபிளுக்குப் பிறகு, எல்லை தாண்டும் விபத்தை உடனே தெரிவிக்கும் சர்வதேச உடன்படிக்கை 1986 செப்டம்பரிலேயே உருவானது. அது அரசுகள் ஒன்றுக்கொன்று சொல்வதற்கானது. சொந்த மக்களுக்குச் சொல்லும் கடமை அந்தந்த நாட்டுச் சட்டத்தைப் பொறுத்தது.

இழப்பீட்டிலும் அப்படியே. ஜப்பானின் 1961ஆம் ஆண்டுச் சட்டப்படி, உலையை நடத்தும் நிறுவனத்தின் பொறுப்புக்கு உச்சவரம்பு இல்லை. பாதிக்கப்பட்டவர் அதன் தவறை நிரூபிக்கவும் வேண்டியதில்லை. ஃபுகுஷிமா விபத்துக்கு அரசும் பொறுப்பேற்க வேண்டும் என்ற கோரிக்கையை ஜப்பான் உச்ச நீதிமன்றம் 2022 ஜூனில் ஏற்கவில்லை. இழப்பீடு கோருவதற்கான காலக்கெடு முதலில் மூன்றாண்டாக இருந்தது. ஆனால் செர்னோபிள் சிறாரிடம் புற்றுநோய் பெருகியதே நான்கைந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான். 2013 இறுதியில் வந்த சிறப்புச் சட்டம் ஃபுகுஷிமா பாதிப்புகளுக்கு அந்தக் கெடுவைப் பத்தாண்டாக நீட்டியது.