வீட்டுக்குள் அடி வாங்கும் பெண்ணுக்கு அரசு ஒதுக்கும் பணம்: நம் ஒன்றியத்துக்கு எப்படி வரும்?



குழுக் கூட்டத்தில் நாம் வரவு செலவு எழுதுகிறோம். சந்தா எவ்வளவு, உள்கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்குப் பார்க்கிறோம். ஆனால் ஒரு கணக்கை மட்டும் நாம் கேட்பதே இல்லை. வீட்டுக்குள் அடிபடும் பெண்ணைக் காப்பாற்ற அரசாங்கம் எவ்வளவு பணம் ஒதுக்குகிறது? அது எங்கே போகிறது? ஒலக்கூர் பக்கத்தில் இருக்கிற நமக்கு அதில் என்ன வருகிறது? இந்த இதழில் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

இதுக்குப் பணம் எதுக்கு?

"சட்டம்தான் இருக்கே, அப்புறம் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். சட்டம் இருப்பது உண்மைதான். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்தது. 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் சட்டம் ஒரு காகிதம். ராத்திரி பத்து மணிக்கு இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பிள்ளையோடு வெளியே வந்து நிற்கிற பெண்ணுக்குக் காகிதம் உதவாது. போன் எடுக்க ஒரு ஆள் வேண்டும். போய்ச் சேர வண்டி வேண்டும். படுக்க இடம், காயத்துக்கு மருந்து, கேஸ் போட வக்கீல் எல்லாம் வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் சம்பளமோ, வாடகையோ, டீசல் செலவோ உண்டு. பணம் ஒதுக்காத சட்டம், சுழல்நிதி வராத குழு மாதிரி. பெயர்ப் பலகை மட்டும் தொங்கும்.

தேவை எவ்வளவு என்று பாருங்கள். 2019-21ல் நடந்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குள் உள்ள திருமணமான பெண்களில் 100-க்கு 38 பேர் கணவனின் வன்முறையை அனுபவித்திருக்கிறார்கள். இந்திய அளவில், அடியோ பாலியல் கொடுமையோ அனுபவித்த பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 100-க்கு 14 பேர்தான். மற்றவர்கள் கேட்கவில்லை. "அடிக்கிற கைதான் அணைக்கும்" என்று சொல்லிச் சொல்லியே நம் வாயை அடைத்து வைத்திருக்கிறார்கள்.

மும்பை என்ன செய்தது?

அடிபட்ட பெண் போலீசுக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் தையல் போட ஆஸ்பத்திரிக்கு வந்துதான் ஆகவேண்டும். அங்கே "மாடிப்படியில் விழுந்துட்டேன்" என்று சொல்லுவாள். டாக்டரும் தையல் போட்டு அனுப்பிவிடுவார். அவள் அதே வீட்டுக்குத் திரும்பிப் போவாள்.

இதை மாற்ற 2000-ல் மும்பை மாநகராட்சியும், 'செஹத்' என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்து, பாந்த்ரா பகுதியில் உள்ள பாபா மருத்துவமனையில் ஒரு மையம் தொடங்கின. அதன் பெயர் 'திலாசா'. ஆறுதல், தைரியம் என்று பொருள். நர்சுக்கும் டாக்டருக்கும் பயிற்சி கொடுத்தார்கள். காயத்தைப் பார்த்துச் சந்தேகம் வந்தால் பெண்ணைத் தனியாக உட்காரவைத்துப் பேச ஆலோசகர் இருந்தார்.

தொண்டு நிறுவனத்தின் துணையோடு தொடங்கிய இந்த வேலையைப் பிறகு மாநகராட்சியே தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. அப்புறம் தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் நிதி கிடைத்து, மும்பையின் வேறு பல மருத்துவமனைகளிலும் இதே மையம் வந்தது. முதலில் ஒரு இடத்தில் செய்து காட்டினார்கள். அதை வைத்துப் பணம் கேட்டார்கள். பணம் வந்ததும் விரிவாக்கினார்கள். நாம் முதல் கடனை ஒழுங்காகக் கட்டிவிட்டு அடுத்த கடனைப் பெரிதாகக் கேட்கிறோமே, அதே வழிதான்.

சென்னைக்கு வந்த பணம்

2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு மாணவிக்கு நடந்த கொடுமை நமக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு 2013-ல் மத்திய அரசு பட்ஜெட்டில் 1000 கோடி ரூபாயோடு 'நிர்பயா நிதி' என்று ஒன்றை ஏற்படுத்தியது. பெண்கள் பாதுகாப்புக்கு மட்டுமே இந்தப் பணம். ஆனால் திட்டம் எழுதிக் கேட்டால்தான் கிடைக்கும். கேட்காததாலும், கேட்டு வாங்கியதைச் செலவழிக்காததாலும், ஆரம்ப ஆண்டுகளில் நிறைய பணம் அப்படியே கிடந்தது.

2018-ல் இந்த நிதியிலிருந்து சென்னை, மும்பை, டெல்லி உட்பட 8 பெருநகரங்களுக்கு 'பாதுகாப்பான நகரம்' திட்டம் ஒப்புதல் ஆனது. சென்னைக்கு மட்டும் 425 கோடி ரூபாய். மாநகரப் பேருந்துகளில் கேமரா, ஆபத்தில் அழுத்தும் பொத்தான், போலீசுக்கு ரோந்து வண்டி போன்ற வேலைகள் இதில் நடந்தன.

இவை வேண்டியவைதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கேமரா தெருவைப் பார்க்கும். அடுப்பங்கரையைப் பார்க்காது. ரோந்து வண்டி பஸ் நிறுத்தம் வரை வரும். நம் வீட்டுக் கதவுக்குள் தானாக வராது. தெருவுக்குப் பணம் கேட்பது சுலபம். வீட்டுக்குள் நடப்பதற்குப் பணம் கேட்க, வீட்டுக்குள் நடக்கிறது என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும்.

நம் மாவட்டத்துக்கு என்ன இருக்கிறது?

அதே நிர்பயா நிதியிலிருந்துதான் 2015 ஏப்ரல் முதல் 'சகி' என்ற ஒருங்கிணைந்த சேவை மையங்கள் நாடு முழுவதும் தொடங்கப்பட்டன. நம் விழுப்புரம் மாவட்டத்துக்கும் மையம் உண்டு. இது 24 மணி நேரமும் இயங்க வேண்டிய இடம். இங்கே ஐந்து உதவிகள் ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும்:

1. மருத்துவ உதவி
2. போலீஸ் உதவி
3. மன ஆலோசனை
4. சட்ட உதவி
5. தற்காலிகமாகத் தங்க இடம் (5 நாள் வரை, பிள்ளைகளோடு)

ஐந்து நாளுக்கு மேல் தங்க வேண்டியிருந்தால் விடுதி ஏற்பாட்டுக்கு மையமே வழிகாட்டும். எதற்கும் பணம் கட்ட வேண்டாம். 181 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இந்த மையத்தோடு இணைத்துவிடுவார்கள். தமிழ்நாட்டில் 181 மகளிர் உதவி எண் 2018 டிசம்பரில் தொடங்கியது. ராத்திரி பகல் எந்நேரமும் பேசலாம்.

நமக்குள்ள கஷ்டம் தூரம்தான். ஒலக்கூர் ஒன்றியத்தின் உள்கிராமத்திலிருந்து திண்டிவனம் வந்து, அங்கே பஸ் மாறி விழுப்புரம் போக வேண்டும். அடிபட்ட பெண்ணுக்கு அது லேசான காரியம் இல்லை. அதனால்தான் அடுத்து சொல்லப் போவது முக்கியம்.

பாதுகாப்பு அலுவலர் யார்?

2005 சட்டத்தின் உயிர்நாடி பாதுகாப்பு அலுவலர். பெண்ணின் புகாரைக் கேட்டு, குடும்ப வன்முறை பற்றிய அறிக்கையை உரிய படிவத்தில் எழுதி, மாஜிஸ்திரேட்டிடம் சேர்ப்பவர் இவர். மருத்துவம், தங்குமிடம், இலவச வக்கீல் இவற்றுக்கு ஏற்பாடு செய்வதும் இவர் கடமை. பெண் வக்கீல் தேடி அலைய வேண்டாம் என்பதற்காகவே இந்தப் பதவி.

ஆனால் ஒரு மாவட்டம் முழுக்க ஒருவரே பார்த்தால் எத்தனை வீட்டுக்குப் போக முடியும்? இந்தக் குறை நாடு முழுவதும் இருந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. மாவட்ட அளவிலும் தாலுகா அளவிலும் உள்ள பெண்கள் நலத்துறை அதிகாரிகளை அடையாளம் கண்டு, பாதுகாப்பு அலுவலர்களாக நியமிக்க வேண்டும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

தாலுகா அளவில் என்றால் திண்டிவனத்தில் என்று பொருள். ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி நேரானது: "எங்கள் தாலுகாவுக்குப் பாதுகாப்பு அலுவலர் யார்? எந்த அலுவலகத்தில் உட்காருகிறார்? போன் நம்பர் என்ன?" இந்த மூன்றுக்கும் பதில் நம் ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதியிருக்க வேண்டும்.

தெரிந்துகொள்வோம்

*அடித்தால்தான் வன்முறையா?*
இல்லை. தினமும் அசிங்கமாகத் திட்டுவது, பிள்ளை இல்லை என்று குத்திக் காட்டுவது, விருப்பமில்லாமல் உடலுறவுக்கு வற்புறுத்துவது, செலவுக்குக் காசு கொடுக்காமல் பட்டினி போடுவது, நகையைப் பிடுங்கி விற்பது எல்லாமே சட்டப்படி குடும்ப வன்முறை. "குழுவுல லோன் வாங்கிட்டு வா, இல்லன்னா வீட்டுக்குள்ள வராதே" என்று சொல்லி அடிப்பதும் இதில் சேரும்.

*வீடு அவர் பேரில், பட்டா மாமனார் பேரில். துரத்தினால் போய்த்தானே ஆகணும்?*
போக வேண்டியதில்லை. யார் பேரில் இருந்தாலும், அந்தக் குடும்ப வீட்டில் வசிக்கும் உரிமை மனைவிக்கு உண்டு. வெளியேற்றக் கூடாது என்று நீதிமன்றம் உத்தரவு போடும்.

*கேஸ் போட்டால் ஜெயிலில் போட்டுவிடுவார்களா?*
2005 சட்டத்தின் முதல் நோக்கம் பாதுகாப்புதான். 'இனி அடிக்காதே' என்ற உத்தரவு, ஜீவனாம்சம், பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் உரிமை, நஷ்ட ஈடு இவற்றைக் கேட்கலாம். உத்தரவை மீறினால்தான் ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ. கொடுமை அதிகம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 85-வது பிரிவில் தனியாகப் போலீஸ் புகாரும் கொடுக்கலாம். பழைய 498-ஏ பிரிவுதான் 2024 ஜூலை முதல் இந்த எண்ணில் இருக்கிறது.

*தாய் வீட்டுக்கு வந்துவிட்டால்?*
இப்போது தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலேயே மனு போடலாம்.

*வக்கீல் செலவு?*
பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு. திண்டிவனத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

*அடுத்த வீட்டுக்காரி சொன்னால் ஏற்பார்களா?*
ஏற்பார்கள். வன்முறை நடக்கிறது, அல்லது நடக்கப் போகிறது என்று நினைக்க நியாயமான காரணம் இருந்தால், யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. இதைக் குழு உறுப்பினர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ள வேண்டும்.

கூட்டமைப்பாக நாம் கேட்க வேண்டியது

பெருநகரம் திட்டம் எழுதிக் கேட்டது, பணம் வந்தது. நம் கையிலும் கேட்கும் வழி உண்டு. கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்துக்கு நம் குழுக்கள் தேவைப் பட்டியல் கொடுக்கிறோம். அதில் ரோடு, தண்ணீர், தெருவிளக்கோடு இதையும் சேர்ப்போம். கிராம சபையில் கீழ்க்கண்டவாறு தீர்மானம் கொண்டுவரலாம்:

"எங்கள் ஊராட்சியில் 181 எண்ணும், பாதுகாப்பு அலுவலர் பெயரும், போன் நம்பரும் பொது இடத்தில் எழுதிவைக்க வேண்டும். ஒருங்கிணைந்த சேவை மையத்தின் ஆலோசகர் மாதம் ஒரு நாள் ஒலக்கூருக்கு வந்து பெண்களைத் தனியாகச் சந்திக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையப் பணியாளர்களுக்குக் குடும்ப வன்முறை பற்றிப் பயிற்சி தர வேண்டும். இதற்கு ஆவன செய்யும்படி மாவட்ட ஆட்சியரையும், மாவட்ட சமூக நல அலுவலரையும் இக்கிராம சபை கேட்டுக்கொள்கிறது."

தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகல் ஒன்று வாங்கி வையுங்கள்.

பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு மாதிரி அவசரத் தேவைக்கு, ஊராட்சி அளவிலான கூட்டமைப்பில் உள்ள நலிவுநிலை குறைப்பு நிதியிலிருந்து உதவ முடியுமா என்று கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம்.

குழு செய்ய வேண்டியது

ஒரு உறுப்பினர் திடீரென்று கூட்டத்துக்கு வரவில்லை, தவணை கட்டவில்லை என்றால், "எப்ப கட்டுவே?" என்று கேட்பதற்கு முன் "நல்லா இருக்கியாம்மா?" என்று கேளுங்கள். தனியாகக் கேளுங்கள். சொன்னதை வெளியில் சொல்லாதீர்கள். "நீ என்ன பண்ணே, அவரு அடிக்கிறதுக்கு?" என்று கேட்கவே கூடாது. ஆளைக் கூட்டி வைத்துக் கட்டப்பஞ்சாயத்து செய்து, அடித்தவனோடு கட்டாயப்படுத்தி அனுப்பக் கூடாது. அவள் சம்மதம் இல்லாமல் அவள் வீட்டுக்காரரிடம் போய்ச் சண்டை போடவும் கூடாது. நாம் திரும்பி வந்த பிறகு அடி அவளுக்குத்தான் விழும்.

ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் சான்றிதழ் இவற்றின் நகலை நம்பிக்கையான இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் நடந்ததை நடந்தபடி டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஓ.பி. சீட்டே நாளைக்குச் சாட்சி. உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 112-ஐ அழையுங்கள்.

ஒரு பெண் 181-க்குப் போன் செய்தால், அது அவளுக்கு உதவி மட்டும் இல்லை. கணக்கில் ஒரு வரி ஏறுகிறது. 'இந்த ஒன்றியத்தில் தேவை இருக்கிறது' என்று அந்த வரி சொல்லும். யாருமே கூப்பிடாத ஊருக்கு ஆளும் வராது, பணமும் வராது. குடும்ப மானம் என்று நாம் மூடி வைக்கிற வரைக்கும், மேலே இருப்பவர்கள் கணக்கில் நம் ஊரில் எல்லோரும் சுகமாக இருக்கிறோம்.

இந்தப் பக்கத்தை அடுத்த குழுக் கூட்டத்தில் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். படிக்கத் தெரியாத அக்காக்களுக்கும் 181, 112 என்ற இரண்டு எண்களையாவது வாய்ப்பாடு மாதிரி சொல்லிக் கொடுங்கள். அடுத்த கிராம சபையில் தீர்மானம் போட்ட ஊராட்சிக் குழுக்கள் கூட்டமைப்புக்குத் தெரிவியுங்கள். எல்லா நகல்களையும் சேர்த்து மாவட்ட ஆட்சியரிடம் நாமே நேரில் கொண்டுபோய்க் கொடுப்போம்.