மாடியில் புழுக்கம், கீழே குளிர்

குளிர் மிகுந்த நாடுகளில் மாடி வீட்டில் வாழ்வோர்க்குக் குளிர்காலந்தோறும் ஒரு தொல்லை உண்டு. கீழ்த்தளத்தில் இருப்பவர் கம்பளிச் சட்டை அணிந்தும் கால்விரல் விறைத்து உட்கார்ந்திருப்பார். அதே வேளையில் மாடியில் படுத்திருப்பவர் புழுக்கம் தாளாமல் போர்வையை உதறுவார். வீடு ஒன்று, கணப்பு ஒன்று. பருவங்கள் மட்டும் இரண்டு! கனடா நாட்டின் டொராண்டோ நகரில், என் மகள் வீட்டில் ஒரு குளிர்காலம் தங்கியிருந்தபோது இதனை நேரிலேயே கண்டேன். இது ஏன் நிகழ்கிறது, இதனை எவ்வாறு சீர்செய்யலாம் என்பதை மாணவ நண்பர்களாகிய உங்களுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

‘வெப்பம் மேலே ஏறும்’ என்று சொல்வது வழக்கம். இது பாதி உண்மையே. வெப்பம் எத்திசையிலும் செல்லும்; அடுப்பின் பக்கத்தில் நிற்பவரையும் அது சுடுகிறதன்றோ? மேலே ஏறுவது சூடான காற்று. அதனை ஏறச் செய்வது கனத்த குளிர்காற்று. அது அடியில் புகுந்து சூடான காற்றை மேலே தள்ளுகிறது. ஒரு கன மீட்டர் காற்று, 20 டிகிரி சென்டிகிரேடில் ஏறத்தாழ 1.2 கிலோகிராம் எடையுள்ளது. பூச்சியத்துக்குக் கீழே 10 டிகிரியில் அதே அளவு காற்றின் எடை ஏறத்தாழ 1.34 கிலோகிராம். வீட்டின் உயரம் 6 மீட்டர் என்று கொள்வோம். உள்ளே ஒரு சதுர மீட்டர் தரையின்மேல் நிற்கும் காற்றுத் தூணைவிட, வெளியே அதே உயரத்தில் நிற்கும் தூண் 800 கிராமுக்குச் சற்று மேலாகக் கனத்திருக்கும்.

இந்தச் சிறு வேறுபாடுதான் இரவும் பகலும் ஓயாமல் வேலை செய்கிறது. கீழே கதவிடுக்குகளின் வழியாகக் குளிர்காற்று உள்ளே நுழைகிறது. மேலே உட்கூரையின் துளைகள் வழியாகச் சூடான காற்று வெளியேறுகிறது. வீடு முழுவதும் ஒரு பெரிய புகைபோக்கியாகிவிடுகிறது.

நம் ஊரிலேயே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். குளிர்சாதன அறை ஒன்றின் கதவைச் சிறிதளவு திறந்து, எரியும் ஊதுவத்தியை இடுக்கின் அடியில் பிடியுங்கள். புகை வெளிப்புறம் சாயும். உச்சியில் பிடியுங்கள், புகை உட்புறம் சாயும். குளிர்நாட்டு வீட்டில் உள்ளே வெப்பம், வெளியே குளிர். ஆதலால் அங்கே திசைகள் தலைகீழாகும்.

இனி, கணப்பின் பங்கைக் காண்போம். அந்நாட்டு வீடுகள் பலவற்றில் நிலவறையில் எரிவாயு உலை ஒன்று இருக்கும். அதிலுள்ள விசிறி, சூடேறிய காற்றைத் தகரக் குழாய்களின் வழியே ஒவ்வோர் அறைக்கும் அனுப்பும். உலையை இயக்குவதும் நிறுத்துவதும் தெர்மோஸ்டாட் என்னும் கருவி. பெரும்பாலும் வீட்டுக்கு ஒன்றுதான் இருக்கும். அதுவும் கீழ்த்தளத்தில் இருக்கும். தான் இருக்கும் இடத்தின் வெப்பநிலையை மட்டுமே அது அறியும். கீழே குளிர்ந்திருக்கும்வரை உலை எரிந்துகொண்டே இருக்கும். மாடியின் புழுக்கம் அதற்குத் தெரியாது.

இக்கருவியின் வரலாற்றில் ஆசிரியர் ஒருவருக்குச் சிறப்பான இடம் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், ஒயிட்வாட்டர் நகர ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் பணியாற்றியவர் வாரன் ஜான்சன். அங்கே ஊழியர் ஒருவர் வகுப்பு வகுப்பாகச் சென்று குளிரா வெப்பமா என்று பார்த்து, நிலவறைக்கு இறங்கிக் குழாயின் தடுப்புத் தகடுகளைத் திருப்ப வேண்டியிருந்தது. அறையின் நிலையைக் கீழிருப்பவருக்கு மணியடித்து அறிவிக்கும் மின்கருவி ஒன்றை ஜான்சன் அமைத்து, 1883-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். ஓர் அறையின் நிலையைக் கொண்டு மற்றோர் அறையின் நிலையை அறிய முடியாது என்பதே இதிலுள்ள பாடம்.

புழுக்கம் மிகுந்தவுடன் மாடிச் சன்னலைத் திறப்பது பலருடைய வழக்கம். அவ்வாறு செய்தால் புகைபோக்கியின் வாயை அகலத் திறந்ததாகும். மேலே சூடான காற்று விரைந்து வெளியேற, கீழே அந்த அளவுக்குக் குளிர்காற்று உட்புகும். கீழிருப்பவர் மேலும் நடுங்குவார். உலை மேலும் எரியும். எரிவாயுச் செலவும் ஏறும்.

எனவே முதலில் மேலே அடைக்க வேண்டும். பரணுக்கு ஏறும் கதவின் விளிம்பிலும், மின்கம்பியும் குழாயும் உட்கூரையைத் துளைத்துச் செல்லும் இடங்களிலும் உள்ள இடுக்குகளை அடைத்து, அவற்றின்மேல் கண்ணாடி இழைப் பஞ்சைப் போதிய கனத்தில் பரப்ப வேண்டும். பின்னர்க் கீழ்க்கதவுகளின் இடுக்கில் ரப்பர்ப் பட்டை பொருத்த வேண்டும். மூன்றாவதாக, மாடிக்குச் செல்லும் குழாய்களின் தடுப்புத் தகடுகளைச் சிறிது மூடினால் கீழே மிகுதியான சூடு சேரும். ஆனால், பல குழாய்களை முழுதும் மூடிவிட்டால் உலைக்குக் கேடு விளையும். நான்காவதாக, காற்று உலைக்குத் திரும்பிச் செல்லும் துவாரங்களைக் கட்டிலும் அலமாரியும் மறைக்காமல் பார்த்துக்கொண்டு, உலை அணைந்த பின்னும் விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால், இரு தளங்களின் காற்றும் ஓரளவு கலக்கும். பின்னும் எஞ்சும் ஓரிரு டிகிரி வேறுபாட்டை எவரும் பொருட்படுத்தார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வீட்டை அடைக்கலாம், நெருப்பின் மூச்சை அடைக்கலாகாது. போதிய காற்றின்றி எரியும் நெருப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக அது பிணையும். உறங்குபவர் விழிக்காமலே இறந்துபோவார். ஆதலால் உலையின் புகைக்குழாயை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். அவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் கருவியும் வீட்டில் இருக்க வேண்டும். நம் உதகையிலும் கொடைக்கானலிலும் குளிருக்கு அஞ்சி, மூடிய அறையில் கரியடுப்பை வைத்து உறங்கியவர்கள் மாண்ட செய்திகளைப் படித்திருக்கிறோம். மலைக்குச் சுற்றுலா செல்லும் மாணவர்கள் இதனை ஒருபோதும் மறத்தலாகாது. இன்னொரு கம்பளி கேட்டு வாங்குங்கள். கரியடுப்பை அறைக்குள் கொண்டுவராதீர்கள்.