தீவுக்கு என்ன கொண்டு போவது?



மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகளிடம் சென்ற மாதம் ஒரு கேள்வி கேட்டோம். ஆள் நடமாட்டமில்லாத ஒரு தீவில் மாட்டிக்கொள்ளப் போகிறீர்கள், மூன்று பொருள்கள் மட்டும் கையில் எடுத்துக்கொள்ளலாம், எவற்றை எடுப்பீர்கள்? பாதிப் பேர் செல்போன் என்றார்கள். ஒருத்தி சார்ஜரையும் சேர்த்துக்கொண்டாள், விவரமானவள். பிரியாணி அண்டா என்றான் ஒருவன். எங்களை மகிழ்விக்க நினைத்து ஜெபமாலை என்றவர்களும் உண்டு. தண்ணீர் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே இராஜகிரி நின்றுகொண்டிருந்தது. கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது என்று அவர்களுக்குக் காட்டினோம். எதிரி சூழ்ந்துகொண்ட கோட்டையும் ஒரு தீவுதான். சுற்றிலும் கடலுக்குப் பதிலாகப் படை, அவ்வளவே வித்தியாசம். இராஜகிரியின் உச்சிக்குப் போகிறவர்கள் ஒரு பிளவைத் தாண்ட வேண்டும். ஏறத்தாழ 24 அடி அகலம், 60 அடி ஆழம். அதன் மேல் மரப்பாலம் இருந்தது. பாலத்தை எடுத்துவிட்டால் உச்சி தனித் தீவாகிவிடும்.

1689இல் சத்ரபதி சிவாஜியின் இளைய மகன் இராஜாராம் மராட்டிய நாட்டிலிருந்து தப்பி வந்து நம் கோட்டைக்குள் புகுந்தார். அடுத்த ஆண்டு ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகார்கான் வந்து முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698இல். எட்டு ஆண்டுகள்! மதில் எவ்வளவு கனமாக இருந்தாலும், மதிலைத் தின்று யாரும் உயிர் வாழ முடியாது. அப்படியானால் உள்ளே என்ன இருந்தது?

முதலில் தண்ணீர். இராஜகிரியின் மேலே சுனை. கீழே சக்கரக்குளம், செட்டிக்குளம். கல்யாண மகால் வரை சுட்ட மண் குழாய்களில் நீர் கொண்டுபோன ஏற்பாட்டின் தடயம் இன்றும் இருக்கிறது. அடுத்தது தானியம். அந்தக் களஞ்சியத்தின் சுவர்க் கனத்தைப் பார்த்தால் யாரும் அதைப் படைக்கொட்டில் என்றே நினைப்பார்கள். நெல்லை நெல்லாகவே வைப்பதுதான் அங்கே சூட்சுமம். உமி இருக்கும்வரை அரிசிக்கு அது சட்டை. குத்தி வைத்தால் சில மாதத்தில் வண்டு வந்துவிடும் என்பது நம் வீட்டுத் தாய்மார்களுக்குத் தெரியாததா? கிருஷ்ணகிரியில் எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று சொல்லப்படும் தொட்டிகளும் உள்ளன. எண்ணெய் சமையலுக்கு மட்டுமல்ல, விளக்குக்கும் வேண்டும்.

இதில் நம்மை வியக்க வைப்பது வேறொன்று. மூன்று மலைகளையும் முழுவதுமாக வளைக்க மொகலாயப் படைக்கு ஆள் போதவில்லை. கோட்டைக்குள் போக்குவரத்து முற்றாக நின்றதே இல்லை. 1692இன் இறுதியில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து வந்து, முற்றுகையிட்டவர்களுக்கு வரும் தானிய வழியை அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்தவர்கள் சாப்பிட்டார்கள், சூழ்ந்து நின்றவர்கள் பட்டினி கிடந்தார்கள். தளபதி வந்தவாசிக்குப் பின்வாங்கினார். யார் தீவில் இருக்கிறார் என்பது சில நேரம் அப்படி மாறிப்போகிறது.

உண்மையிலேயே ஆளில்லாத தீவுக்குப் போகிறவர்களும் நம்மிடையே உண்டு. கச்சத்தீவு அந்தோனியார் திருவிழாவுக்கு இராமேசுவரத்திலிருந்து படகேறுகிறவர்களைக் கேளுங்கள். அங்கே குடிநீர் கிடையாது. பையில் முதலில் ஏறுவது தண்ணீர்க் கேன்தான், பிறகுதான் சாப்பாடும் போர்வையும். சுற்றிலும் கடல் இருக்கிறதே என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. கடல்நீர் ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பை வெளியேற்ற நம் சிறுநீரகத்துக்குக் குடித்ததைவிட அதிகத் தண்ணீர் தேவைப்படும். ஆகவே குடிக்கக் குடிக்க உடல் வறண்டுதான் போகும்.

புனித பவுல் மால்தா தீவில் கரையேறிய கதையும் இங்கே நினைவுக்கு வருகிறது. அந்தக் கப்பலில் 276 பேர். பதினான்கு நாள் பட்டினி. பவுல் முதலில் எல்லாரையும் சாப்பிட வைக்கிறார். அதன்பின்தான் மீதிக் கோதுமையைக் கடலில் கொட்டிக் கப்பலை இலேசாக்குகிறார்கள். எதைக் கொண்டு போவது என்று நாம் கேட்கிறோம். அவர்கள் எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. அந்த வரிசையைக் கவனியுங்கள்: வயிற்றுக்குப் பிறகே கடலுக்கு.

நமக்குப் படகேறாமலே தீவு வந்தது. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல். பக்கத்து மயிலத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. சங்கராபரணி எப்படிப் போனது என்பதை உங்களில் பலர் நேரில் கண்டீர்கள். பங்கு இல்லத்தில் என்ன நடந்தது என்பதை இப்போது சொல்லிவிடுகிறோம், வெட்கமாகத்தான் இருக்கிறது. அரிசி ஒரு மூட்டை இருந்தது. பருப்பு இருந்தது. கரண்ட் போனது. மாடித் தொட்டி மறுநாளே காலி. பின்கட்டில் கிணறு நிறையத் தண்ணீர், கைக்கெட்டும் ஆழத்துக்குச் சற்றே கீழே. அதை எடுக்கக் கயிறும் வாளியும் இல்லை. மோட்டார் வைத்த ஆண்டே சகடையைக் கழற்றிவிட்டோம். இறையியல் படித்த இரண்டு குருக்கள் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

எதிர்வீட்டு அம்மா நம் பங்கைச் சேர்ந்தவர் அல்ல. முழங்கால் தண்ணீரில் நடந்து, தம் வீட்டுக் கயிற்றையும் ஒரு தகரக் குடத்தையும் கொண்டு வந்தார். "மோட்டார் இருக்குன்னு கயித்தத் தூக்கிப் போட்டுட்டீங்களே சாமி" என்றார். இறைத்ததைக் காய்ச்சிக் குடிக்கச் சொல்லிவிட்டும் போனார். வெள்ளம் கலந்த கிணற்றுக்கு அது மிகத் தேவையான சொல்.

வரும் மழைக்கு முன் ஒவ்வொரு அன்பியமும் தம் தெருவில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்: யார் வீட்டில் கயிறு இருக்கிறது, யார் வீட்டுக் கைப்பம்பு ஓடுகிறது, சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை எடுக்கும் பெரியவர்கள் யார், அவர்களிடம் ஒரு வார மாத்திரை கைவசம் உண்டா? ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்கவும் சமைக்கவும் நான்கு லிட்டர் என்று கணக்கு வைத்து மூன்று நாளைக்குத் தண்ணீர் பிடித்து மூடி வையுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம் ஆகியவற்றை ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள். தீப்பெட்டியையும் அதே போல.

பங்கு இல்லத்துக் கிணற்றில் சகடை மறுபடி மாட்டியாயிற்று. அந்த அம்மா தம் கயிற்றைத் திரும்பக் கேட்கவே இல்லை. புதுக் கயிறு வாங்கிப் போய்க் கொடுத்தோம். நீளம் போதாது என்று சொல்லி, இன்னும் பத்து முழம் கேட்டிருக்கிறார்.