முழங்காலில் ஒரு பிளாஸ்டிக் தட்டு

நாம் நடக்கும்போது முழங்காலில் எலும்பும் எலும்பும் நேராக உரசுவதில்லை. இரண்டின் முனைகளையும் வழவழப்பான குருத்தெலும்பு போர்த்திக் காக்கிறது. முதுமையாலோ நோயாலோ அது தேய்ந்துபோனால் ஒவ்வோர் அடியும் வேதனையே. அப்பொழுது தேய்ந்த முனைகளைச் சீவிவிட்டு, தொடை எலும்பின் நுனிக்கு உலோகக் கவசமும், கீழ்க்கால் எலும்பின் தலைக்குப் பிளாஸ்டிக் தட்டும் பொருத்துகின்றனர். உலோகம் பிளாஸ்டிக்கின்மீது வழுக்கிச் செல்கிறது.

சோப்புப் பெட்டி செய்யும் பிளாஸ்டிக்கா மனிதனின் பாரத்தைத் தாங்கும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை முதலில் கிடைத்தது முழங்காலில் அன்று, இடுப்பில்.

இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற அறுவை மருத்துவர் 1950களின் இறுதியில் டெஃப்லானால் இடுப்பு மூட்டுக் கிண்ணங்கள் செய்து பொருத்தினார். உணவு ஒட்டாதிருக்கச் சமையல் பாத்திரங்களில் பூசுகிறார்களே, அதே பொருள்தான். நோயாளிகள் வலி நீங்கி நடந்தனர். அத்துடன் கணக்கை முடித்திருந்தால் அது மாபெரும் வெற்றி! ஆனால் சில ஆண்டுகளிலேயே கிண்ணங்கள் தேய்ந்தன. உதிர்ந்த துகள்கள் சுற்றிலும் அழற்சியை மூட்டின. ஏறத்தாழ முந்நூறு பேருக்குப் பொருத்தியாகிவிட்டது! சார்ன்லி தம் தொடையிலேயே அப்பொருளைப் புகுத்தி, உடல் அதனை எவ்வாறு ஏற்கிறது என்று சோதித்தார்.

1962-இல் பாலிஎதிலீன் என்ற வேறொரு பிளாஸ்டிக் அவர் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அவர் அதை மதிக்கவில்லை. உதவியாளர் ஹாரி கிரேவனோ அதைத் தேய்ப்புப் பொறியில் ஏற்றிவிட்டார். மூன்று வாரம் இரவும் பகலும் ஓடியும், டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுகூட அது தேயவில்லை. அதே மருத்துவமனையில் 1968-இல் ஃபிராங்க் கன்ஸ்டன் அதனை முழங்காலுக்குக் கொண்டுவந்தார்.

இடுப்பு, கிண்ணத்துள் சுழலும் பந்து போன்றது. பாரம் பரவலாக விழும். முழங்காலிலோ வளைந்த உலோகம், ஏறக்குறையத் தட்டையான பிளாஸ்டிக்கைச் சிறு பரப்பிலேயே அழுத்துகிறது. உதிரும் நுண்துகள்களை விழுங்கும் உயிரணுக்களால் அவற்றைச் செரிக்க இயலாது. அவை சுரக்கும் பொருள்களின் தூண்டுதலால் அருகிலுள்ள எலும்பு கரைகிறது, மூட்டு தளர்கிறது. இது ஓராண்டில் தெரியாது; பெரும்பாலும் ஐந்தாண்டு, பத்தாண்டு கடந்தே வெளிப்படும்.

ஆகவேதான் சுவீடன் நாடு 1975 முதல் முழங்கால் மூட்டுகளுக்குப் பதிவேடு வைத்து வருகிறது. இத்தகைய பதிவேடுகளைத் தொகுத்து 2019-இல் வெளியான ஆய்வொன்று, முழு மூட்டு மாற்றங்களில் நூற்றுக்குச் சுமார் 82 இருபத்தைந்து ஆண்டுகள் நிலைப்பதாகக் கண்டது. இது மகிழத்தக்க செய்தியே. எனினும் பதிவேடு எண்ணுவது மறு அறுவையை மட்டுமே. வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பவரும் அதில் வெற்றியாகவே எண்ணப்படுவார். ஏறக்குறைய ஐவரில் ஒருவர் முழு மனநிறைவு பெறவில்லை என்று வேறு ஆய்வுகள் கூறுகின்றன. இக்குறையைப் போக்க, 1998-இல் ஆக்ஸ்ஃபோர்டில் வகுத்த பன்னிரண்டு கேள்விகளை நோயாளியிடமே கேட்கின்றனர்: படியிறங்க முடிகிறதா, இரவில் வலி எழுப்புகிறதா, மண்டியிட்டு மீண்டும் எழ இயலுகிறதா என்று.