பச்சிளங் குழந்தையின் இரவுப் பால்: முறையும் தூய்மையும்

பிறந்த நாளிலிருந்து ஆறு மாதம் வரை தாய்ப்பால் ஒன்றே குழந்தைக்குப் போதுமான உணவு என்பது மருத்துவ உலகம் ஐயமின்றி ஏற்றுக்கொண்ட உண்மையாகும். 2015-16ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற நான்காவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளில் 54.9 சதவீதத்தினரே தாய்ப்பால் மட்டும் அருந்தி வந்தனர். 2019-21ஆம் ஆண்டுகளின் ஐந்தாவது ஆய்வில் இது 63.7 சதவீதமாக உயர்ந்தது. எஞ்சியோர் அனைவரும் புட்டிப்பால் குடிப்பவர்கள் அல்லர். வெறும் தண்ணீரோ, பசும்பாலோ, வேறு நீராகாரமோ தாய்ப்பாலுடன் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களும் இதில் அடங்குவர். ஆயினும் வேறு வழியின்றிப் பால்மாவை நம்பியிருக்கும் குழந்தைகள் ஒரு பிரிவினர் உண்டு. பிரசவத்தில் தாயை இழந்தவர்கள், புற்றுநோய் போன்ற கடும் நோய்க்குத் தாய் சிகிச்சை பெறுவதால் பால் கிடைக்காதவர்கள், கைவிடப்பட்டு தத்து நிறுவனங்களில் வளர்பவர்கள் ஆகியோர் இவர்கள்.

இக்குழந்தைகளைப் பொறுத்தவரை ஒரு விந்தையான நிலைமை நிலவுகிறது. உலக சுகாதார நிறுவனம் 1981ஆம் ஆண்டில் தாய்ப்பால் மாற்றுப்பொருள்களின் விற்பனை பற்றிய சர்வதேச நெறிமுறையை ஏற்றது. அதையொட்டி, 1992ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் குழந்தைப் பால் மாற்றுப்பொருள்கள், பாற்புட்டிகள், குழந்தை உணவுகள் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் சட்டத்தை இயற்றியது. 2003இல் அது திருத்தப்பட்டு மேலும் கடுமையாக்கப்பட்டது. பால்மாவுக்கு விளம்பரம் செய்வதையும், இலவச மாதிரிகள் வழங்குவதையும், மருத்துவப் பணியாளர்களுக்குப் பரிசு கொடுப்பதையும் இச்சட்டம் தடை செய்கிறது. அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு விதியும் உண்டு. பால்மாவு ஊட்டும் முறையைத் தாய்க்கோ குடும்பத்தாருக்கோ செய்து காட்டும் உரிமை சுகாதாரப் பணியாளருக்கு மட்டுமே உரியது. முறை தவறினால் விளையும் கேடுகளையும் அவரே விளக்கியாக வேண்டும். விற்பவர் கற்பிக்கக் கூடாது என்பது நியாயமே. ஆனால் நடைமுறையில், தாய்ப்பாலின் பெருமையை எடுத்துரைக்கும் ஆர்வத்தில் பணியாளர் புட்டியைப் பற்றி வாய் திறப்பதே இல்லை. அதனால் பால்மாவு இன்றியமையாத குடும்பம் கடைக்காரரிடமும் அண்டை வீட்டாரிடமும் முறையைக் கேட்டறிகிறது. சட்டம் விரும்பாத விளைவு இது.

மாவு கிருமியற்றதன்று

டப்பாவில் அடைத்து முத்திரையிட்ட பால்மாவு முற்றிலும் கிருமியற்றது என்று படித்தவர்களும் நம்புகின்றனர். இது தவறு. இன்றைய தொழில்நுட்பத்தில் பால்மாவை முழுமையாகக் கிருமி நீக்கம் செய்து விற்க இயலவில்லை. சால்மொனெல்லா, குரோனோபாக்டர் ஆகிய இருவகை நுண்ணுயிர்கள் அதில் மிகச் சிறிய எண்ணிக்கையில் தங்கிவிடக்கூடும். பிறந்த சிசுக்களில் குரோனோபாக்டர் உண்டாக்கிய மூளை உறைக் காய்ச்சல் 1958ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் காணப்பட்டது. பெற்ற பிள்ளைகளைப் பிறந்தவுடன் விழுங்கியதாகக் கிரேக்கப் புராணம் கூறும் குரோனோஸின் பெயரையே அறிவியலாளர் இக்கிருமிக்குச் சூட்டியுள்ளனர். உலர்ந்த மாவில் அது ஓராண்டுக்கு மேலும் உயிருடன் இருக்கவல்லது. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள பெரிய ஆலை ஒன்றின் பால்மாவு இந்த ஐயத்தின் பேரில் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டு, அந்நாடெங்கும் குழந்தைப் பாலுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. ஏழை நாடுகளுக்கு மட்டும் உரிய தொல்லையன்று இது.

இந்நோய் அரிது, வந்தால் கொடியது. இரண்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளும், அவர்களுள் குறைமாதத்திலும் எடைக் குறைவுடனும் பிறந்தவர்களும், நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுமே அதற்கு எளிதில் இரையாகின்றனர்.

உலர்ந்த மாவில் கிருமி பெருகுவதில்லை. நீர் சேர்ந்து, இளஞ்சூடும் கிடைத்த பிறகே பெருகுகிறது. வெதுவெதுப்பான பாலில் அரை மணிக்கு ஒருமுறை அது இரட்டிக்கிறது என்று கொள்வோம். இரவு 10 மணிக்குக் கலந்து வைத்த பாலில் இருந்த ஒரே ஒரு கிருமி, விடியற்காலை 3 மணிக்குள் பத்து முறை இரட்டித்து 1,024 ஆகிவிடும். நள்ளிரவில் எழுந்து அடுப்பு மூட்டும் சிரமத்தைத் தவிர்க்க, படுக்கும் முன்பே இரண்டு மூன்று புட்டிகளைக் கலந்து தலைமாட்டில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தின் ஆபத்து இக்கணக்கில் அடங்கியுள்ளது.

எழுபது டிகிரி

உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் 2004இலும் 2006இலும் நிபுணர் கூட்டங்களை நடத்தி இதனை ஆராய்ந்தன; 2007இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவற்றின் மையக் கருத்து இதுதான்: மாவில் ஊற்றும் நீர் 70 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாத சூட்டில் இருக்க வேண்டும். அந்தச் சூட்டில் மாவிலுள்ள கிருமிகள் பெரும்பாலும் அழிந்துவிடுகின்றன. சில டப்பாக்களின் மீது ‘வெதுவெதுப்பான நீர்’ என்று அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அந்நீர் கட்டியின்றி மாவைக் கரைக்கும், கிருமியைக் கொல்லாது. 70 டிகிரி நீரில் வைட்டமின் ‘சி’ போன்ற சத்துகள் ஓரளவு குறையலாம் என்ற ஆட்சேபம் எழுந்ததுண்டு. பிறந்த குழந்தையின் உயிரோடு ஒப்பிட்டால் அந்த இழப்பு சிறிது. நோயின் காரணமாக மருத்துவர் எழுதிக் கொடுத்த தனிவகை மாவாயின், அவரைக் கேட்டே நீரின் சூட்டைத் தீர்மானிக்க வேண்டும்.

ஒரு லிட்டர் நீரைக் கொதிக்க வைத்து இறக்கினால், அரை மணி நேரம் வரை அது 70 டிகிரிக்குக் கீழே போகாது. ஆனால் சிறிய டம்ளரில் காய்ச்சிய நீர் சில நிமிடங்களிலேயே ஆறிவிடும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில் நீர் 90 டிகிரியை எட்டுமுன்பே கொதித்துவிடுகிறது. அத்தகைய மலைப்பகுதிகளில் கொதி வந்தபின் மூன்று நிமிடமாவது தொடர்ந்து கொதிக்க விடுதல் நன்று.

இரவுக்கு வழி என்ன? குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளும், இருந்தும் மின்சாரம் நின்றுபோகும் ஊர்களும் நம் நாட்டில் பல. அங்கெல்லாம் கைகொடுக்கும் எளிய பொருள் பிளாஸ்க். படுக்கும் முன் நல்ல பிளாஸ்க்கை வெந்நீரால் ஒருமுறை அலம்பிக் கொட்டிவிட்டு, கொதிக்கும் நீரைக் கழுத்து வரை நிரப்பி இறுக மூட வேண்டும். மாவை அந்தந்த வேளைக்குரிய அளவில், கொதிநீரில் இட்டு எடுத்து நன்கு உலர்ந்த சிறு மூடிக்கிண்ணங்களில் தனித்தனியே வைத்துக்கொள்ளலாம். தூக்கக் கலக்கத்தில் கரண்டிக் கணக்குத் தவறும் அச்சம் அதனால் நீங்குகிறது. இரவு முழுவதும் காத்திருப்பவை சூடான நீரும் உலர்ந்த மாவுமே, பால் அன்று. குழந்தை விழித்ததும் இரண்டையும் கலந்து, மூடிய புட்டியைக் குளிர்ந்த நீர்ப் பாத்திரத்தில் நிறுத்தி ஆற்றி, மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்துக் கொடுக்க வேண்டும். 70 டிகிரி நீர் வாயைப் புண்ணாக்கிவிடும் என்பதால் ஆற்றும் படியை எந்த அவசரத்திலும் விட்டுவிடலாகாது. எல்லாப் பிளாஸ்க்குகளும் ஒரே தரத்தன அல்ல. ஓர் இரவு சோதனையாக நீர் ஊற்றி வைத்து, காலையில் சமையல் வெப்பமானியால் அளந்து பார்த்துவிட்டால் அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்பது தெரிந்துவிடும். தாங்காவிடில், அந்நேரத்தில் நீரை மீண்டும் கொதிக்க வைப்பது தவிர வேறு வழியில்லை.

முன்கூட்டியே கலந்துதான் வைக்க வேண்டும் என்ற நிலை மருத்துவமனைகளில் ஏற்படலாம். அப்போது பாலை உடனே குளிரச் செய்து, 5 டிகிரிக்கு மேற்படாத குளிர்பதனப் பெட்டியின் உள்தட்டில் வைத்து, 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும். அதைச் சூடாக்கப் பதினைந்து நிமிடத்திற்கு மேல் எடுத்துக்கொள்ளக் கூடாது. நுண்ணலை அடுப்பு பாலை ஒரே சீராகச் சூடாக்காததால் அதைத் தவிர்க்க வேண்டும். கலந்த பால் எதுவாயினும், இரண்டு மணி நேரத்திற்குள் குடிக்கப்படாவிட்டால் கொட்டிவிட வேண்டியதே.

புட்டியும் பாலாடையும்

மாவும் நீரும் சரியாக இருந்து, பாத்திரம் அசுத்தமாயின் பயனில்லை. கையைச் சோப்பிட்டுக் கழுவிய பிறகு, புட்டியையும் நிப்பிளையும் பிரஷ் கொண்டு உட்புறம் தேய்த்துக் கழுவி, முழுவதும் மூழ்கும் அளவு நீரில் பத்து நிமிடம் கொதிக்க வைத்து, இடுக்கியால் எடுக்க வேண்டும். நிப்பிளின் மடிப்புகளில் பால் திரை படிந்து நிற்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாது. நம் அரசின் சிசு உணவூட்டும் வழிகாட்டு நெறிகள் புட்டியைத் தவிர்க்குமாறு கூறுவதற்கு இதுவும் ஒரு காரணம். நாட்டின் பல பகுதிகளிலுள்ள பச்சிளங் குழந்தை சிகிச்சைப் பிரிவுகளில் கிண்ணமும் கரண்டியும், தென்னிந்திய வீடுகளில் தொன்றுதொட்டுப் பழகிய பாலாடையும் பயன்படுகின்றன. மூலை முடுக்கு இல்லாத பாலாடையைக் கழுவுவதும் எளிது, கொதிக்க வைப்பதும் எளிது. பாட்டிமார் கைக்கொண்ட கருவி நவீன மருத்துவமனையில் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது.

நீர்த்த பாலின் பொருளாதாரம்

அடுத்த கேடு கிருமியால் வருவதன்று, வறுமையால் வருவது. பல தயாரிப்புகளில் 30 மில்லிலிட்டர் நீருக்குத் தலை தட்டிய ஒரு கரண்டி மாவு என்பதே அளவு. டப்பாவோடு வரும் கரண்டியை மற்றொரு தயாரிப்புக்குப் பயன்படுத்தலாகாது. நீரை முதலில் அளந்து ஊற்றி, பிறகே மாவை இட வேண்டும். முதல் வாரம் கடந்த, 3 கிலோ எடையுள்ள குழந்தைக்குக் கிலோவுக்கு 150 மில்லிலிட்டர் வீதம் நாளொன்றுக்கு 450 மில்லிலிட்டர் பால் தேவை. அதற்குப் பதினைந்து கரண்டி மாவு செலவாகும். ஒரு கரண்டி நாலரை கிராம் என்று கொண்டால், 400 கிராம் டப்பா ஆறு நாள்கூட முழுமையாக வராது. மாதத்திற்கு ஐந்து டப்பாக்கள் வாங்க வேண்டும். குழந்தை வளர வளரத் தேவை இன்னும் கூடும். தினக்கூலிக் குடும்பத்தில் டப்பா பத்து நாள் வருமாறு மாவைக் குறைத்து நீரைக் கூட்டுவது அறியாமையால் அன்று, கைப்பணம் இல்லாமையால். அவ்வாறு வளரும் குழந்தை வயிறு நிறைந்தும் பட்டினி கிடக்கிறது. மாறாக, கொழுகொழுவென்று வளர வேண்டுமென்று ஒரு கரண்டி கூடுதலாக இடுவதும் தீதே. செறிவான பாலின் உப்புகளை வெளியேற்றப் பச்சிளஞ் சிறுநீரகத்தால் இயலாது. உடலின் நீர் வற்றும்.

கொதிக்க வைப்பதால் நீங்காத குற்றங்களும் நீரில் உண்டு. புளூரைடும் நைட்ரேட்டும் கொதித்து வற்றும் நீரில் செறிவு மிகுமே அன்றிக் குறையா. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமை மிஞ்சலாகாது என்பது இந்தியத் தர அமைவனத்தின் வரம்பு. மிஞ்சினால் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாய நேரலாம். இத்தகைய பகுதிகளில் புட்டிப்பால் குடிக்கும் குழந்தை உள்ள வீட்டின் கிணற்று நீரை முதலில் சோதிக்க ஏற்பாடு செய்வது உள்ளாட்சி அலுவலர்களின் கவனத்திற்குரியது.

தத்து நிறுவனங்களில் இப்பணிகள் அனைத்தும் ஓர் இரவுப் பணிப்பெண்ணின் தோளில் விழுகின்றன. பல குழந்தைகள் ஒரே நேரத்தில் அழும்போது, மொத்தமாகக் கலந்து வைக்கும் எண்ணம் இயல்பாகவே எழும். ஆய்வுக்குச் செல்லும் அலுவலர் பதிவேட்டைப் புரட்டுவதோடு நில்லாமல், பிளாஸ்க்குகள் எத்தனை, அளவுக் கணக்கு மாநில மொழியில் சுவரில் எழுதப்பட்டுள்ளதா, இரவில் மீந்த பால் என்னவாகிறது என்று கேட்க வேண்டும். வீடுகளிலோ, 2011 முதல் நடைபெற்றுவரும் இல்லம்சார் பச்சிளங் குழந்தைப் பராமரிப்புத் திட்டத்தின்கீழ், மருத்துவமனையில் பிறந்த குழந்தையை ஆஷா பணியாளர் 42 நாள்களுக்குள் ஆறு முறை காண வேண்டும். மூன்றாம் நாள் முதல் தொடங்கும் இவ்வருகைகளில், பால்மாவு தவிர்க்க முடியாத வீட்டில் ஒரு முறையாவது அவர் முன்னிலையில் பாலைக் கலந்து காட்டச் சொல்லலாம். கேட்டறிவதைக் காட்டிலும், அடுப்படியில் நின்று பார்ப்பதில் பிழைகள் விரைவில் புலப்படும்.

பால் குடிக்க மறுத்தல், உடல் சுடுதல் அல்லது சில்லிட்டுப் போதல், வலிப்பு, எழுப்பியும் எழாத சோர்வு ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் காலை விடியும் வரை காத்திருக்கலாகாது. நோயுற்ற குழந்தையை அரசு மருத்துவமனைக்கு இலவசமாக அழைத்துச் செல்லவும், அங்கு செலவின்றிச் சிகிச்சை பெறவும் 2011இல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா காரியக்கிரமம் வகை செய்துள்ளது.