சிறைக் காவலர் பயிற்சியும் கைதியின் பாதுகாப்பும்

வேலூர்த் தொரப்பாடியில் சிறை அலுவலர்களுக்கான பயிற்சி நிலையம் 1979இல் தொடங்கப் பெற்றது. தமிழ்நாட்டினர் மட்டுமன்றி, கர்நாடகம், கேரளம், ஆந்திரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களின் சிறைப் பணியாளரும் அங்குப் பயின்று வந்துள்ளனர். இத்தகைய பயிற்சியில், கூச்சத்தின் காரணமாக எளிதில் விடுபட்டுப் போகக்கூடிய பாடம் ஒன்று உண்டு. சிறைக்குள் நிகழும் பாலியல் வன்முறையே அது.

1972இல் மகாராஷ்டிரத்தின் காவல் நிலையமொன்றில் பழங்குடிப் பெண்ணொருவருக்குக் கொடுமை நேர்ந்தது. அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட காவலர்களை உச்ச நீதிமன்றம் 1978இல் விடுவித்ததை எதிர்த்து நாடெங்கும் கண்டனம் எழுந்தது. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. சிறை அலுவலர் தம் பதவியைப் பயன்படுத்திக் காவலிலுள்ள பெண்ணை இணங்கச் செய்வது தனிக் குற்றமாயிற்று. பாரதிய நியாய சன்ஹிதாவின் 68ஆம் பிரிவு இதற்கு 5 முதல் 10 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. அவள் இணங்கினாள் என்னும் வாதம் இங்கு எடுபடாது. உணவும் நேர்காணலும் மருத்துவமும் சாவி வைத்திருப்பவர் கையில் இருக்கையில் இணக்கம் என்ற சொல்லுக்குப் பொருள் ஏது? புதிய காவலருக்கு முதலில் விளங்க வேண்டியது இதுவே.

அடுத்தது, புகார் எழுந்த முதல் மணி நேரம். அமெரிக்காவில் 2003இல் இதற்கெனவே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் கீழ் 2012இல் வந்த விதிகள் இரண்டாண்டுக்கு ஒருமுறை மறுபயிற்சியைக் கட்டாயமாக்கின. முதலில் தகவல் அறியும் காவலர் இருவரையும் பிரிக்க வேண்டும். சம்பவ இடத்தைக் காக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் குளிக்காமலும் உடை மாற்றாமலும் இருக்குமாறு கேட்டுக்கொள்ள வேண்டும். நம் நாட்டில், பாலியல் வன்புணர்வுக்கு ஆளான பெண்ணை 24 மணி நேரத்திற்குள் மருத்துவரிடம் அனுப்பவேண்டும் என்பது சட்டம். ஆயினும் இரவுப் பணியிலிருக்கும் ஒரு காவலர் அலட்சியமாக இருந்துவிட்டால் தடயம் அழிந்துவிடும்.

பிரித்து வைப்பதிலும் ஒரு தவறு நேர்வதுண்டு. பாதுகாப்பு என்று கூறிப் புகார் செய்தவரையே தனியறையில் அடைத்தால் அதுவும் தண்டனையே. அதைக் காணும் மற்றவர் வாய் திறவார். இடம் மாற வேண்டியவர் குற்றஞ்சாட்டப்பட்டவர். அவர் பணியாளராயின் அந்தப் பகுதிப் பணியிலிருந்து விலக்கப்பட வேண்டும்.

இந்தியச் சிறைவாசிகளில் பெண்கள் 100க்கு ஏறத்தாழ 4 பேரே. ஆண் கைதி, குறிப்பாக இளைஞர், சக கைதியால் வன்முறைக்கு உள்ளாகும்போது சட்டத்தில் இடைவெளி ஒன்று தென்படுகிறது. பழைய 377ஆம் பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. காயம் விளைவித்தல் போன்ற பொதுப் பிரிவுகளையே நாட வேண்டியுள்ளது. ஆதலால் இத்தகைய வழக்கில் காவலர் அன்றிரவே எழுதி வைக்கும் குறிப்பும் சிறை மருத்துவரின் சான்றும் பெரிதும் துணைநிற்கும்.